முழங்கால் வலிக்கு எது சரி: எடைக் குறைப்பு ஊசியா, மெட்ஃபார்மினா, பயிற்சியா, அறுவையா?

அக்காவுக்கு வயது 58. நீரிழிவு வந்து பதினோரு ஆண்டுகள். முழங்கால் வலி வந்து ஆறு. படி இறங்கும்போது கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி நின்ற பிறகே அடுத்த படிக்குப் போவாள். ஒருநாள் இரவு தொலைபேசியில் கேட்டாள்: “சர்க்கரைக்கும் எடையைக் குறைக்கவும் போடுகிற அந்த ஊசி முழங்கால் வலியையும் குறைக்கிறதாமே. எனக்குச் சரிப்பட்டு வருமா?”

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் அவள் மருத்துவரிடம் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதையாவது சொல்லி அனுப்பலாம் என்று, வெளியான ஆய்வுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த மருந்துகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வலி எவ்வளவு குறைந்தது என்ற ஒரே எண்ணோடு நின்றுவிடுகின்றன. முடிவெடுக்க வேண்டியவருக்கு அது போதாது. யாருடைய முழங்காலில் குறைந்தது, எதோடு ஒப்பிடும்போது குறைந்தது, மருந்தை நிறுத்தினால் என்ன ஆகிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். இங்கே எழுதியிருப்பது அந்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்டுப் பார்த்ததன் விளைவு.

முதலில், இது எந்த மூட்டுவாதம்?

இங்கே பேசுவது மூட்டுத் தேய்மானத்தைப் பற்றி மட்டுமே. காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருந்து, அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிட்டால், நடக்க நடக்க வலி கூடி, உட்கார்ந்தால் குறைந்தால், அது பெரும்பாலும் தேய்மானம். இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் சேர்ந்து வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்துகள், வேறு அவசரம். ஒரே இரவில் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வீங்கிய முழங்கால் யூரிக் அமிலத்தாலோ கிருமித் தொற்றாலோ ஆகியிருக்கலாம். அதை வைத்துக்கொண்டு கட்டுரை படிக்கக் கூடாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் எலும்புக்கு எலும்பு உரசுகிற நிலையில் இருந்தும் சுகமாக நடப்பவர்கள் உண்டு. படத்தில் லேசான தேய்மானமே தெரிய, வலியால் துடிப்பவர்களும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்க வேண்டாம். உங்களால் என்ன செய்ய முடிகிறது, எது முடியவில்லை என்பதுதான் நல்ல அளவுகோல்.

எடைக்கும் முழங்காலுக்கும் உள்ள கணக்கு

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெசியர் குழு 2005இல் வெளியிட்ட அளவீடு ஒன்று, இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது: உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ இளைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடிகள் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சுமை மட்டுமே காரணம் என்றால் பருமனானவர்களுக்குக் கை விரல்களில் தேய்மானம் கூடுதலாக வரக் கூடாது. விரல்கள் உடலைச் சுமப்பதில்லை. ஆனால் வருகிறது. உடலில் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் சுரந்துகொண்டே இருக்கிறது என்பதால்தான் நீரிழிவு மருந்துகள் மூட்டு ஆராய்ச்சிக்குள் வந்தன. ஒரு மருந்து எடையைக் குறைப்பதால் வலியைக் குறைக்கிறதா, அல்லது அழற்சியைத் தணிப்பதால் குறைக்கிறதா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. பெரிய அளவில் பருமன் இல்லாதவர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதில் பயன் உண்டா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

செமாகுளுடைடு: இருப்பதில் வலுவான சான்று

அக்கா கேட்ட ஊசியின் பெயர் செமாகுளுடைடு. 2024 அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ‘ஸ்டெப் 9’ என்ற சோதனையின் முடிவு வெளியானது. 11 நாடுகளில் 407 பேர். எல்லோருக்கும் பருமன், முழங்கால் தேய்மானம், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான வலி. மூவரில் இருவருக்கு வாரம் ஒருமுறை 2.4 மில்லிகிராம் செமாகுளுடைடு ஊசி. மூன்றாமவருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. இரு தரப்புக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை தரப்பட்டது.

68 வாரங்கள் கழித்து, மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 13.7% குறைந்திருந்தது, வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 3.2%. வலியை அளந்தது ‘வோமாக்’ என்ற கேள்வித்தாளால். சமதரையில் நடக்கும்போது, படி ஏறி இறங்கும்போது, இரவில் படுக்கையில், உட்கார்ந்திருக்கையில், நிற்கையில் எவ்வளவு வலிக்கிறது என்று ஐந்து கேள்விகள் கேட்டு, பூஜ்யத்திலிருந்து 100 வரையான புள்ளியாக மாற்றுவார்கள். தொடக்கத்தில் சராசரி சுமார் 71 புள்ளி. மருந்து பெற்றவர்களுக்கு அதில் 41.7 புள்ளிகள் குறைந்தன. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் தெளிவாகக் கூடியது.

செய்தித் தலைப்புகள் இங்கே நின்றுவிட்டன. அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும்: வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் 27.5 புள்ளிகள் குறைந்திருந்தன. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் இப்படிப்பட்ட சோதனையில் சேர்கிறார். உச்சம் தானாகவும் சற்றுத் தணியும். ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்ற தெம்பும், கிடைத்த ஆலோசனையால் செய்த நடையும் சேர்ந்திருக்கும். ஆக, மருந்துக்கே உரிய பங்கு சுமார் 14 புள்ளிகள். இது அற்பம் அல்ல. ஆனால் 41 என்ற எதிர்பார்ப்போடு ஊசி போட்டுக்கொள்பவரும் 14 என்ற எதிர்பார்ப்போடு போட்டுக்கொள்பவரும் ஒரே மனநிலையில் இருக்க மாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சோதனையில் கண்டது வலியும் இயக்கமும் மேம்பட்டதைத்தான். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்தது என்று யாராவது சொன்னால், அதற்கு இந்தச் சோதனையைச் சான்றாகக் காட்ட முடியாது.

யாருடைய முழங்கால்? பங்கேற்றவர்களில் ஐந்தில் நால்வர் பெண்கள், சராசரி வயது 56. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு சராசரியாக 40. அதாவது 155 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர் சுமார் 97 கிலோ இருப்பது போல. என் அக்கா அதே உயரம். எடை 74 கிலோ. அவளும் பருமன் என்ற வரையறைக்குள் வருகிறாள், ஆனால் அந்தச் சோதனையின் சராசரிப் பெண் அவள் அல்ல.

நீரிழிவு இருப்பவர்களுக்கு இன்னொரு வேறுபாடு. இதே மருந்து, இதே அளவு, நீரிழிவு இல்லாதவர்களிடம் நடந்த சோதனையில் சராசரியாக 14.9% எடையைக் குறைத்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் 9.6%தான். அக்காவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 7 கிலோ. அடிக்கு 28 கிலோ சுமை குறையும். நல்ல பலன்தான், ஆனால் சோதனையில் கலந்துகொண்ட 97 கிலோப் பெண் இழந்திருக்கக்கூடிய 13 கிலோவோடு அதை ஒப்பிட முடியாது. மேலும் சர்க்கரைக்காகத் தரும் செமாகுளுடைடு பெரும்பாலும் வாரம் 1 மில்லிகிராமில் நிற்கும், சிலருக்கு 2 வரை போகும். முழங்கால் சோதனையில் தந்தது 2.4.

கூடவே வரும் மூன்று சங்கதிகள்

முதலாவது, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. செமாகுளுடைடு சோதனை ஒன்றில் மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. வலியின் குறைவு எடையோடு சேர்ந்து வந்தது என்றால், எடை திரும்பும்போது அதுவும் திரும்பும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். ஆகவே இது ஆறு மாதச் சிகிச்சை அன்று. ரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலம் தொடர வேண்டியது. மாதாமாதம் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று தொடங்குவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பாதியில் விட்டவர்களின் ஏமாற்றம் பெரியது.

இரண்டாவது, தசை. எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். செமாகுளுடைடு சோதனையில் உடலமைப்பை ஸ்கேன் செய்து பார்த்த ஒரு பகுதியினரிடம், இழந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத எடை. அது முழுவதும் தசை அன்று, நீரும் அதில் அடங்கும். எந்த வழியில் வேகமாக இளைத்தாலும் ஓரளவு இப்படித்தான் நடக்கும். ஆனால் முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசை. ஏற்கெனவே வலிக்குப் பயந்து நடையைக் குறைத்து அந்தத் தசை மெலிந்துபோயிருக்கும். பசி அடங்கி, சாப்பாடு பாதியாகி, பயிற்சியும் செய்யாமல் இளைத்தால் சுமையும் குறையும், தாங்கும் தூணும் மெலியும். ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில் போதிய புரதமும் தசைப் பயிற்சியும் கட்டாயம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். மெலிந்த உடல்வாகு உள்ள முதியவர்கள் முழங்கால் வலிக்காக இந்த மருந்தை நாடக் கூடாது என்று நான் உறுதியாக நினைப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, பக்கவிளைவுகள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவை பொதுவாக வருபவை. அதனால்தான் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டுகிறார்கள். ஸ்டெப் 9இல் பக்கவிளைவால் விலகியவர்கள் மருந்துத் தரப்பில் 6.7%, மறுதரப்பில் 3%. பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி ஆகியவையும் உண்டு. தைராய்டில் வரும் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இந்த மருந்து தரக் கூடாது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும்போது அந்தப் பாதிப்பு கூடலாம் என்பதால், தொடங்குவதற்கு முன் கண் பரிசோதனை தேவை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்தால் மயக்க மருந்து தருபவரிடம் இந்த ஊசியைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும். வயிறு காலியாவதை இது தாமதப்படுத்துகிறது.

தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியவையும் இருக்கின்றன. இதய நோயோடு கூடுதல் எடையும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை இம்மருந்து 20% குறைத்ததாக 2023இலும், நீரிழிவோடு சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாவதைக் குறைத்ததாக 2024இலும் பெரிய சோதனைகள் காட்டின. இப்படிப்பட்ட நோய்களும் இருப்பவருக்கு முழங்கால் வலி குறைவது கூடுதல் லாபம். முழங்கால் வலி மட்டுமே உள்ளவருக்கு இதே கணக்கு பொருந்தாது.

ஊசி எல்லாம் ஒன்றல்ல

செமாகுளுடைடின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் லிராகுளுடைடு. தினமும் போடும் ஊசி. டென்மார்க்கில் 156 பேருக்கு முதலில் எட்டு வாரம் கடும் உணவுக் கட்டுப்பாடு தந்து சராசரியாக 12 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். பிறகு ஓராண்டு லிராகுளுடைடு அல்லது வெற்று ஊசி. 2021இல் வெளியான முடிவின்படி, மருந்து எடையைச் சிறிதளவு மேலும் குறைத்தது. முழங்கால் வலியில் வேறுபாடே இல்லை. உணவுக் கட்டுப்பாட்டிலேயே குறைய வேண்டியது குறைந்துவிட்டதால் மருந்துக்கு வேலை இருக்கவில்லை என்பது ஒரு விளக்கம். எனக்குத் தோன்றுவது: இந்த மருந்துக் குடும்பத்துக்கு மூட்டு வலியை நேரடியாகக் குறைக்கும் பெரிய ஆற்றல் இருந்திருந்தால், எடை அதிகம் மாறாத நிலையிலும் அது கொஞ்சமாவது தலைகாட்டியிருக்கும். ஆகவே இப்போதைக்கு இந்த ஊசிகளின் பலனில் பெரும்பங்கு எடைக் குறைவால் வருவது என்றே வைத்துக்கொள்கிறேன்.

டிர்செபடைடு என்ற இன்னோர் ஊசி எடையைக் குறைப்பதில் செமாகுளுடைடை முந்துகிறது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து 72 வாரம் நடந்த சோதனையில் 20.2%, 13.7% என்று 2025இல் முடிவு வந்தது. எடைதான் காரணம் என்றால் முழங்காலுக்கும் இது உதவும் என்று நம்ப இடமுண்டு, ஆனால் அது ஊகம். ரெட்டாட்ரூடைடு என்ற புதிய மருந்து முழங்கால் வலியை மிகவும் குறைத்ததாக 2025 டிசம்பரில் அதன் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அதற்காக இப்போதே காத்திருக்க வேண்டாம். அனுமதி பெறாத அத்தகைய மருந்துகளை இணையத்தில் விற்பவர்களிடம் வாங்கிப் போட்டுக்கொள்வது பேராபத்து.

நீரிழிவு மருந்து என்றாலே எடை குறையும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இன்சுலின், கிளிமிபிரைடு வகை, பயோகிளிடசோன் ஆகியவை எடையைக் கூட்டக் கூடியவை. முழங்கால் வலியோடு நீரிழிவும் உள்ளவர், தன் மருந்துச் சீட்டில் எடையைக் கூட்டும் மருந்து எது, அதை மாற்ற வழியுண்டா என்று மருத்துவரிடம் கேட்பது எந்தப் புதிய ஊசிக்கும் முன்னால் செய்யக்கூடிய எளிய காரியம்.

மெட்ஃபார்மின்: பழைய மாத்திரை, புதிய கேள்வி

1950களிலிருந்து நீரிழிவுக்குப் பயன்படும் மலிவான மாத்திரை இது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, கூடுதல் எடையும் முழங்கால் வலியும் உள்ள 107 பேருக்கு ஆறு மாதம் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் வரை மெட்ஃபார்மின் அல்லது வெற்று மாத்திரை தந்தது. 2025இல் ‘ஜாமா’ இதழில் முடிவு வந்தது. 100 புள்ளி வலிக் கோட்டில் மெட்ஃபார்மின் தரப்புக்கு 31.3 புள்ளியும், மறுதரப்புக்கு 18.9 புள்ளியும் குறைந்தன. இங்கே வியப்பு என்னவென்றால் எடை பெரிதாக மாறவில்லை. அப்படியானால் இந்த மாத்திரை வேறு வழியில், ஒருவேளை அழற்சியைத் தணித்து, வேலை செய்திருக்க வேண்டும்.

செமாகுளுடைடின் 14 புள்ளியையும் மெட்ஃபார்மினின் 11 அல்லது 12 புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, மலிவானதையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆசை எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் அளவுகோல் வேறு, ஆட்கள் வேறு, காலம் வேறு. 107 பேரிடம் ஆறு மாதம் கண்டது, இன்னொரு பெரிய சோதனையில் மறைந்தும் போகலாம். நம்பிக்கை தரும் தொடக்கம் என்று மட்டுமே இதைச் சொல்ல முடியும். பருமன் அவ்வளவாக இல்லாமல் கூடுதல் எடை மட்டும் உள்ளவர்கள், ஊசியின் செலவைத் தாங்க முடியாதவர்கள், இதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு இது ஆகாது. வயிற்றுப்போக்கு சிலருக்கு வரும். பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அவ்வப்போது ரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பதினோரு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். அவளுக்கு இந்த வழியில் புதிதாகக் கிடைக்க எதுவும் இல்லை.

உணவும் பயிற்சியும்: மருந்துக்கு ஈடாகுமா?

ஆகும் என்று 2013இல் காட்டியது மெசியர் குழுவின் ‘ஐடியா’ சோதனை. 454 பேர், 18 மாதங்கள். உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்து செய்தவர்கள் சராசரியாக 10.6 கிலோ, அதாவது 11.4% இளைத்தார்கள். வலி ஏறத்தாழ பாதியாகியது. பயிற்சி மட்டும் அல்லது உணவு மட்டும் என்று செய்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கூடுதல் பலன். ஊசி இல்லாமலே ஊசிக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

ஆனால் அங்கே பயிற்சியாளர்கள் இருந்தார்கள், வாரத்துக்கு மூன்று வகுப்புகள் இருந்தன. அதே முறையை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஊர் மக்களிடம் 823 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்டபோது, எடை 7.7 கிலோ குறைந்தும், வலியில் ஒப்பீட்டுத் தரப்போடு இருந்த வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருந்தது. முயன்றும் இளைக்க முடியாதவர்களைக் குற்றம் சொல்கிறவர்கள் இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மன உறுதியின் குறை அது என்று சொல்வது அநியாயம். பசியைக் கட்டுப்படுத்தும் உடலின் ஏற்பாட்டோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவது எத்தனை கடினம் என்பதை இந்த ஊசிகள் வந்த பிறகாவது நாம் ஒப்புக்கொள்ளலாம்.

எடை குறையாவிட்டாலும் பயிற்சி வலியைக் குறைக்கும் என்பதுதான் இதில் விட்டுவிடக் கூடாத செய்தி. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல் 2022இல் மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் பயிற்சியையே முதல் சிகிச்சையாக வைத்தது. பாராசிட்டமாலை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் சொன்னது. நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடும் என்ற பயம் பலரை முடக்கிப்போடுகிறது. 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘கிளாட்’ பயிற்சித் திட்டத்தில் ஓர் எளிய விதி உண்டு: பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி வரலாம், மறுநாளுக்குள் அது பழைய அளவுக்குத் தணிந்துவிட்டால் சரியான பாதையில்தான் போகிறீர்கள், தணியவில்லை என்றால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

மாத்திரை, மூட்டுக்குள் போடும் ஊசி

வலி நிவாரணி மாத்திரைகள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை வலியைக் குறைக்கும்; வயிற்றில் புண்ணையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், இதயத்துக்கும் நல்லதல்ல. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வகை மாத்திரைகள் சாப்பிடும் நீரிழிவுக்காரர் மேலும் இதைத் தினமும் விழுங்குவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. முழங்கால் தோலுக்கு மிக அருகில் இருக்கும் மூட்டு என்பதால் இதே மருந்தைக் களிம்பாகத் தடவுவது நல்ல மாற்று.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். ஒரு திருமணம், ஒரு பயணம் போன்றவற்றைக் கடக்க உதவலாம். 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் தந்து பார்த்த சோதனையில், உப்பு நீர் ஊசியைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. நீரிழிவு இருந்தால் போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். 2020இல் வெளியான இன்னொரு சோதனையில், ஓராண்டு முடிவில் இந்த ஊசியைவிடப் பிசியோதெரபி செய்தவர்களே நன்றாக இருந்தார்கள்.

மூட்டு மாற்று அறுவை

இதை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். சிலர் தேவைக்கு மேல் தள்ளிப்போட்டு, நடக்கும் ஆண்டுகளை இழக்கிறார்கள். டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில், பயிற்சி, உணவு ஆலோசனை, காலணி, மாத்திரை எல்லாம் சேர்ந்த சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட, அறுவையும் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு மடங்கு முன்னேற்றம் கிடைத்தது. அதேசமயம் கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். அறுவை இல்லாத தரப்பில் நால்வரில் மூவர் ஓராண்டு வரை அறுவையை நாடவில்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. பொருத்திய மூட்டுகளில் 82% இருபத்தைந்து ஆண்டுகள் தாங்குவதாக 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு சொல்கிறது.

அதிக எடை உள்ளவர்களுக்கு அறுவையின் ஆபத்து கூடும். ஆஸ்திரேலியாவில் 82 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு முதலில் எடைக் குறைப்பு அறுவை செய்தார்கள். அந்தத் தரப்பில் 29% பேர், வலி குறைந்துவிட்டதால் மூட்டு மாற்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊசியால் இளைத்தவர்களும் இப்படிச் சொல்வார்கள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. கால் வளைந்துபோய், இரவுத் தூக்கமும் வலியால் கெட்டு, வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடாகிவிட்டவருக்கு மட்டும், 68 வாரம் ஊசியைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி அறுவையைத் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்காவிடம் என்ன சொன்னேன்

பருமன் தெளிவாக இருந்து, அதோடு நீரிழிவோ இதய நோயோ சேர்ந்து, உணவாலும் பயிற்சியாலும் முயன்று பார்த்துக் களைத்தவருக்குச் செமாகுளுடைடு நல்ல தேர்வு என்றே கருதுகிறேன். உடல் நிறைக் குறியீடு 25க்கும் 30க்கும் இடையில் இருந்து, வேறு நோய் இல்லாதவர் முதலில் ஒழுங்கான பிசியோதெரபியை மூன்று மாதம் செய்து பார்க்கட்டும். மெட்ஃபார்மினைப் பற்றி மருத்துவரிடம் பேசட்டும். ஒல்லியானவருக்கு, விபத்தில் முழங்கால் அடிபட்டுத் தேய்மானம் வந்தவருக்கு, எடைக் குறைப்பு மருந்தில் இடமில்லை.

அக்காவிடம் அவளுடைய 7 கிலோக் கணக்கைச் சொன்னேன். நிறுத்தினால் திரும்பும் என்பதையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “அந்த 28 கிலோ குறைந்தால் போதும். ஆனால் தசை போய்விடும் என்கிறாயே, அதுதான் பயமாக இருக்கிறது” என்றாள்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளோடு போனாள்: என் கண் நிலை இதற்குச் சரியா? கிளிமிபிரைடை என்ன செய்வது? தொடைத் தசைக்கு யாரிடம் பயிற்சி பெறுவது? விழித்திரை நன்றாக இருந்தது. கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார்கள். ஊசிக்கு முன்னால் ஆறு வாரம் பிசியோதெரபி என்று மருத்துவரும் அவளும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு முப்பது நொடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஐந்து. எடை எந்திரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். ஊசி தொடங்கி இப்போது நான்கு மாதம். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு மூன்று வாரம் குமட்டலால் சோர்ந்திருந்தபோது நாற்காலி எண் ஏழிலிருந்து ஆறாக இறங்கியது. அந்த வாரம் அவளே மருத்துவரை அழைத்து, அளவைக் கூட்டுவதை ஒரு மாதம் தள்ளிவைத்துக்கொண்டாள். போன ஞாயிறு எழுதிய எண் பத்து.